அலகு தெரியாத கட்டாரி

தஞ்சாவூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள முத்து,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் நரையை எண்ணிச் சொல்கிறாள். தாடி வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்கு நீயாவது போனாயா?

என் மௌனத்துக்குக் காரணம் ஒரு கட்டாரி, அதாவது குத்துவாள். பதறாதே, கணினிக்குள் இருப்பது. அண்ணன் மகனும் அவன் கூட்டாளிகளும் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தை வைத்து ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். "சித்தப்பா, நீங்கள்தான் நன்றாக வரைவீர்களே" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு விழுந்துவிட்டேன். முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசம், தூக்கம்தான் செலவு.

மூன்று வாரம் கட்டாரியின் அலகையே, அந்தக் கூர்த்தகட்டையே, இழைத்தேன். நடுவில் தண்டு, இருபுறமும் பள்ளம், கவசத்தைத் துளைக்க நுனியில் தடிப்பு. அதை, கேமை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளுக்குள் கொண்டுபோனால், பெரிய கோயில் விமானத்தில் முக்கால்வாசி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது! மீட்டர், சென்டிமீட்டர் குழப்பத்தில் நூறு மடங்கு ஊதிவிட்டது. பந்தல்காரரிடம் நீ சொன்ன அடிக்கணக்கு நினைவுக்கு வந்தது. உன்னை இனிமேல் கேலி செய்ய மாட்டேன்.

அளவைச் சரிசெய்து ஒரு கையில் பொருத்தினார்கள். அப்போதுதான் உறைத்தது: ஆடுபவனின் கண்ணுக்கு அலகே சரியாகத் தெரியவில்லை. கட்டாரியைக் குத்துவிடுவது போலப் பிடிக்க வேண்டும். முஷ்டிக்குள் குறுக்குக் கம்பிகள், முன்கையை ஒட்டி இரண்டு பட்டைகள், முன்னால் தஞ்சாவூர்க் கட்டாரிக்கே உரிய வளைந்த கைக்காப்பு. அலகு அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நானோ அந்தப் பிடியை இரண்டு மணி நேரத்தில் ஒப்பேற்றியிருந்தேன். கணினி உருவம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது; எனக்கு மொத்தம் 8,000 முக்கோணங்கள்தான் அனுமதி. அலகு மட்டும் 23,000 தின்றிருந்தது.

தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்க்கத் தஞ்சாவூர்க்காரன் உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறது பார்! நேற்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடியில் மூக்கு பதிய நின்றேன். அந்தக் காலத்தில் ஐரோப்பிய வாள்களின் அலகை வெட்டித் தெற்கத்திப் பிடிகளில் ஆணி அறைந்து பொருத்துவது வழக்கம். அலகு வேறு, பிடி வேறு. நான் இரண்டையும் ஒரே வார்ப்பாகச் செய்து வைத்திருக்கிறேன்.

அங்கே ஒரு கட்டாரியில் குறுக்குக் கம்பி உட்பக்கம் தேய்ந்து வழவழத்திருந்தது. யாரோ ஒருவன் பல வருஷம் பிடித்த பிடி. அதன் நுனியில் எத்தனை பேர் போனார்களோ. இங்கே நான் முக்கோணம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதைப் பையன்களிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பிடியிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன். பூவேலையைத் தனியாக நுணுக்கிச் செதுக்கி, அந்த மேடுபள்ளத்தை ஒரு படமாக்கி எளிய மாடல்மேல் போர்த்திவிடலாம். வெளிச்சம் பட்டால் கண் ஏமாந்துபோகும். விளிம்பை மட்டும் அப்படி ஏமாற்ற முடியாது. இப்போதைக்கு எல்லாமே வெறும் சாம்பல் நிறம்.

ஓர் உதவி. உன் பட்டறையில் ஒரு ஆணித்தலையைச் சுத்தியலால் அடித்துப் பரப்பிப் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பு. நான் செய்தவை சட்டைப் பொத்தான் போல இருக்கின்றன.

உன்,
சேது