முதலாளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

பதில் போடாததற்கு நீ திட்டப்போவது தெரியும், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். குண்டுமணி மட்டும் மாறவே இல்லை. நேற்றும் என் கணக்கில்தான் டீ குடித்தான்.

எங்கள் தையல் கூடத்துக்கு முதல் அரசாங்க ஆர்டர் வந்துவிட்டதடா! ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்குச் சீருடை. இந்த நேரம் பார்த்து, அரசாங்க டெண்டருக்கென்று நீ அடித்த உன் ஸ்டீல் கட்டில் பட்டறையின் விளம்பரப் புத்தகம் வந்து சேர்ந்தது. பளபளவென்று இருக்கிறது, பாதிப் பக்கம் உன் படம். அதைக் காட்டிப் பெண் பார்க்கலாம், டெண்டர் எடுக்க முடியாது.

உன் கட்டில் அதிகாரிக்குப் பிடித்தால் மட்டும் போதாது. 'ஏன் இவனிடம் வாங்கினாய்' என்று தணிக்கையில் கேட்டால் அவர் ஃபைலைத் திறந்து காட்டவேண்டும். அந்த ஃபைலில் சொருகுகிற மாதிரி ஒரே தாள் அடி: உத்யம் எண் (குறு, சிறு நிறுவனப் பதிவு எண்), ஜிஎஸ்டி எண், என்ன தகடு, என்ன அளவு, மாதம் எத்தனை தர முடியும், ஆய்வகச் சான்று, முன்பு யாருக்குக் கொடுத்தாய்.

அதை எடுத்துக்கொண்டு டெண்டர் வருவதற்கு முன்பே ஸ்டோர்ஸ் பிரிவுக்குப் போ. எத்தனை மில்லிமீட்டர் தகடு, பவுடர் கோட்டிங்கா பெயிண்டா என்பதெல்லாம் பொருள் எப்படி இருக்கவேண்டும் என்கிற ஸ்பெசிஃபிகேஷனை எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. பெரிய கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற நிபந்தனை ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால், அப்புறம் நீ விலையை எவ்வளவு குறைத்தாலும் விலையைப் பார்ப்பதற்கு முன்பு தகுதி பார்க்கிற டெக்னிக்கல் கவரிலேயே கழித்துவிடுவார்கள். டெண்டர் வெளியான பிறகு சந்தேகம் வந்தால் விலை போடுவதற்கு முன்பு நடக்கும் பிரீ-பிட் கூட்டத்தில் எழுத்தில் கேள்.

அரசாங்கம் பொருள் வாங்குகிற இணையச் சந்தையான ஜெம் தளத்தில் பதிவு செய்தாயா? 2012 கொள்கை ஆணைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கவேண்டும். அந்த 25-க்குள் 3 சதவீதம் பெண்களுக்குச் சொந்தமானவற்றிடம். (பட்டறையை அக்கா பெயருக்கு மாற்றலாம் என்று யோசிக்காதே. முதல் நாளே உன்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவாள்.) டெண்டர் போடும்போது கட்டுகிற முன்வைப்புத் தொகையான இஎம்டி கட்டவேண்டாம். எல்-1, அதாவது எல்லோரையும்விடக் குறைந்த விலை போட்டவர், பெரிய கம்பெனியாக இருந்து, உன் விலை அதற்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருந்தால், எல்-1 விலைக்கு இறங்கி ஆர்டரில் ஒரு பங்கு கேட்கலாம். ஆனால் இந்தச் சலுகையெல்லாம் சொந்தமாகத் தயாரிப்பவனுக்கு, வாங்கி விற்பவனுக்கு இல்லை. மடக்கு நாற்காலியில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையை இங்கே காட்டாதே.

சரி, கிண்டல் போதும். என் பயமெல்லாம் பணம் வருவதைப் பற்றித்தான். 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. அரசின் இணையத் தளத்தில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் அடுத்த ஆர்டருக்கு யாரிடம் போய் நிற்கப்போகிறோமோ, அவர்கள் மேலேயே எவன் புகார் கொடுப்பான்? பில் பாஸாக ஆறு மாதம் ஆனாலும் பட்டறையில் கூலி நிற்காது என்கிற அளவுக்கு மட்டும் டெண்டர் போடு. அந்த நிறுவனம் ட்ரெட்ஸில், அதாவது பில்லை வைத்து வங்கிகளிடம் முன்கூட்டியே பணம் வாங்குகிற இணையத் தளத்தில், இருக்கிறதா என்று முன்பே விசாரி; இருந்தால், அவர்கள் ஏற்ற பில்லை அங்கே கொஞ்சம் கழிவுக்குக் கொடுத்துச் சீக்கிரம் பணம் எடுக்கலாம். வீட்டு நகையில் மட்டும் கைவைக்காதே, சேகர். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த ஒரு தாளை எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பாலு