கிளிப் வைத்த பக்கம்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் "இப்போ என்னப்பா படிக்கிறீங்க?" என்று கேட்டாய். நான் "சும்மா ஏதோ ஒண்ணு" என்று சொல்லிவிட்டு உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். சும்மா ஏதோ ஒன்று இல்லை. மூன்று நான்கு புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் ஒன்றைப் பற்றி உன்னிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல்தான் நழுவினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் மற்ற கதைகளைக் கேள்.

ரிட்டையரானவர்கள் ஐந்து பேர் மாதம் ஒரு முறை கூடிப் பேசுகிறோம் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரே ஒரு விதிதான். படித்து முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடாது. இப்போது கையில் என்ன இருக்கிறது, எந்தப் பக்கத்தில் நிற்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், அவ்வளவுதான். முடித்தவன் வாயைத் திறந்தால் நீதிபதி மாதிரி தீர்ப்பு வாசிப்பான். பாதியில் நிற்பவன் ஊகம் சொல்வான், தப்பாகச் சொல்வான், அடுத்த மாதம் வந்து அசடு வழிவான். அதைப் பார்ப்பதற்காகவே நான் ஒரு கூட்டத்தைக்கூட விடுவதில்லை.

எங்களில் ஒருவர் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். லியு சிஷின் எழுதிய 'த்ரீ பாடி ப்ராப்ளம்' நாவலில் முக்கால்வாசி வந்துவிட்டார், வந்த தூரம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். மூன்று சூரியன்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கண்டபடி சுற்றுகின்றன, அவற்றின் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு உலகம் எப்போது எரியும் எப்போது உறையும் என்று யாராலும் கணிக்க முடியாது, இதுதான் கதையின் அடிப்படை. வாத்தியார் சொல்வது என்னவென்றால், கதையில் அந்த மூன்று சூரியன்களாக வருவது ஆல்ஃபா சென்டாரி, ஆனால் நிஜமான ஆல்ஃபா சென்டாரியில் இரண்டு நட்சத்திரங்கள் ஏறக்குறைய எண்பது வருடத்துக்கு ஒரு சுற்று ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, மூன்றாவது ப்ராக்ஸிமா எங்கோ தொலைவில் தனியாகக் கிடக்கிறது, அதனால் இத்தனை களேபரத்துக்கு அங்கே வாய்ப்பே இல்லை. சரி, அப்படியானால் மூடி வைத்துவிடுங்கள் என்றால் மாட்டேன் என்கிறார். ராத்திரி ஒரு மணி வரை படிக்கிறாராம். எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். 2008இல் சீனத்தில் புத்தகமாக வந்தபோது கலாச்சாரப் புரட்சிக் காட்சிகள் நடுவில்தான் இருந்தன, 2014இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன கென் லியு அவற்றைத் தூக்கி முதலில் வைத்துவிட்டார், அதுதான் தன் மனதிலும் இருந்த வரிசை என்று ஆசிரியரும் ஒப்புக்கொண்டார். ஆக, 2015இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கிய புத்தகமும் சீன வாசகர்கள் கையிலிருந்த புத்தகமும் ஒரே கதைதான், நுழையும் வாசல் வேறு.

இன்னொருவர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டுக்குள் போய் வெளியே வர வழி தெரியாமல் இருக்கிறார். 1983இல் தொடங்கி 2015 வரை நாற்பத்தொரு நாவல். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார், அன்று முழுக்க அது ஒன்றையே பேசினோம். முதலில் வந்ததிலிருந்து தொடங்கினால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்பது என் கட்சி, 'கார்ட்ஸ் கார்ட்ஸ்' எடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு முதல் புத்தகத்தையே எடுத்தார், இப்போது ஒன்பதாவதில் இருக்கிறார், இன்னும் ஓடவில்லை. மூன்றாமவர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் பேரனுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார். ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாரா வாரம் காத்திருந்து படித்தவர் அவர். பேரன் காத்திருக்கத் தயாராக இல்லை, கதையில் வரும் இயந்திர நாய் ஜீனோவுக்கு என்ன ஆகும் என்று இப்போதே சொல்லு என்று சட்டையைப் பிடிக்கிறானாம்.

என் கணக்குக்கு வருகிறேன். கண் சீக்கிரம் களைத்துப்போகிறது, அதனால் ஒன்றைக் காதால் கேட்கிறேன். மார்த்தா வெல்ஸின் மர்டர்பாட். 2017இல் வந்த முதல் கதை, சின்னதுதான். பாதி இயந்திரம் பாதி உயிர்த்திசு கொண்ட ஒரு காவல்காரன், தன்னைக் கட்டுப்படுத்தும் பகுதியைத் தானே ஹேக் செய்து விடுதலையாகிவிடுகிறது. இனி யாரை வேண்டுமானாலும் கொல்லலாம். அது என்ன செய்கிறது தெரியுமா, உட்கார்ந்து சீரியல் பார்க்கிறது. முப்பத்தைந்தாயிரம் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பார்த்திருப்பேன் என்று அதுவே சொல்கிறது. பேப்பரில் போட்டுப் பார்த்தேன், ராப்பகலாக நாலு வருடம். மனிதர்கள் பேச வந்தால் அதற்கு என்னவோ போல ஆகிவிடும், முகத்தை மூடிக்கொள்ளும், சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும். உன் அம்மா கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இது யார் மாதிரி இருக்குன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பாதியில் விட்டதும் ஒன்று உண்டு. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்'. மூன்று பாகங்களில் முதலாவது, 2016, 17, 18 என்று வரிசையாக மூன்று வருடமும் மூன்றுக்கும் ஹ்யூகோ, அதற்கு முன் யாரும் அப்படித் தொடர்ந்து வாங்கியதில்லை. கதையில் ஒரு பகுதி முழுக்க 'நீ' என்றே போகிறது, நீ எழுந்தாய், நீ பார்த்தாய் என்று. ஆங்கிலத்தில் இது பெரிய சோதனை முயற்சி என்கிறார்கள், நமக்கு அது கடிதம் மாதிரி இருக்கிறது, யாரோ எனக்கே எழுதியது மாதிரி. அதனால்தான் தாங்கவில்லை. வீட்டுக்கு வரும் ஒரு தாய், தன் சின்னப் பையனை அவனைப் பெற்ற அப்பனே அடித்துக் கொன்றுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதைப் பார்க்கிறாள், ஆரம்பமே அதுதான். அறுபது பக்கம் போனேன். எடுத்து வைத்துவிட்டேன். எழுத்து மோசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், ரொம்ப நன்றாக இருப்பதுதான் தொந்தரவு. நீ மூன்றையும் முடித்துவிட்டாய் என்று தெரியும். முதல் பாகத்தை மட்டுமாவது தாண்டிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாமா என்று ஒரு வார்த்தை சொல், கதையைச் சொல்லாதே.

பொதுவாகவே இந்த வகைப் புத்தகங்களில் அப்பாக்கள் நிலைமை சரியில்லை பாப்பா. ஒன்று முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறார்கள், இல்லையென்றால் இப்படி. வாத்தியாருடைய சீன நாவலிலும் ஒரு பெண்ணின் கண்ணெதிரே அவள் அப்பாவை அடித்தே கொல்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன், "உயிரோடு நல்லபடியாக இருக்கிற அப்பாவை வைத்துக்கொண்டு யாராவது சாகசத்துக்குக் கிளம்புவார்களா" என்றார் டிஸ்க்வேர்ல்டுக்காரர்.

டெட் சியாங்கின் அந்தக் கதையை, 1998இல் வந்தது, ஒரு தாய் மகளிடம் பேசுவது போலவே போகும் என்று நீ சொன்னாயே, அதை அம்மா இரண்டு முறை படித்துவிட்டாள். என்னிடம் தர மாட்டேன் என்கிறாள். "நீங்க அப்புறம் படிங்க." ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. புத்தகம் அவள் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மேல் அலமாரியில் பழைய ஃபைல்களைத் தேடும்போது செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் லெ க்வின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. உன் பிரதி. நீ பத்தாவது படிக்கும்போது, பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து நீ படித்துக்கொண்டிருந்ததை நான் பிடுங்கி வைத்தேனே, அதேதான். பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்று சொன்னேன். மறந்தே போய்விட்டேன். நீயும் கேட்கவில்லை. அன்று "மந்திரவாதிக் கதை சோறு போடுமா" என்று வேறு கேட்டேன், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆறாவது அத்தியாயத்தில் உன் கிளிப் இருந்தது. நீலக் கிளிப், ஒரு பல் உடைந்தது. இத்தனை வருடம் அழுத்திக்கொண்டிருந்ததில் பக்கத்தில் அதன் அச்சே விழுந்திருக்கிறது, லேசாகத் துரு வேறு. கதாநாயகன் கெட்டைத் துரத்தி வரும் அந்த நிழல், வெளியே யாருக்கும் சொல்லாத அவனுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறதே, அந்த இடம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய். "நிழல் = இவன் அப்பாவா??" இரண்டு கேள்விக்குறி. இரண்டாவது காகிதத்தைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி.

அதைப் பார்த்துவிட்டு நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கெட்டின் அப்பா வெண்கலக் கொல்லர், கடுகடுப்பானவர், வாயைத் திறந்து பேசாதவர், அவரைப் பற்றி லெ க்வின் செலவழித்திருப்பது சொற்ப வரிகள்தான். நீ ஏன் அவரைப் போய்ப் பிடித்தாய் என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் வாதத்துக்காகச் சொல்கிறேன், அவனுக்கு அந்தப் பெயரைக் காதில் சொன்னவர் அவன் குருவான மந்திரவாதி ஓஜியன், அப்பாவுக்கு அது தெரிந்ததாகக் கதையில் எங்கும் வரவில்லை, அதைக் கவனிக்காமல் எழுதியிருக்கிறாய். பதினைந்து வயதில் அவ்வளவுதான் கவனிக்க முடியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தவர் அந்த ஓஜியன்தான். மழையைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர், ஆனால் அனுப்பாமல் ஒரு மரத்தடியில் படுத்து நனைந்துகொண்டு கிடக்கிறார், பையனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது, இவ்வளவு தெரிந்து என்ன பிரயோஜனம் என்று. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். 1968இல் எழுதியது. லெ க்வின் முதலில் தீவுகளின் வரைபடத்தை வரைந்துவிட்டுத்தான் கதைக்குள் இறங்கினாராம், அந்த வரைபடத்திலும் நீ பென்சிலால் கெட் போன வழியைக் கோடு போட்டு வந்திருக்கிறாய், அவன் மந்திரம் படித்த ரோக் தீவிலிருந்து மேற்கே போய், திரும்பி, வடக்கே ஏறி, ஆஸ்கில் தீவில் கோடு நின்றுவிடுகிறது. நின்றது யாரால் என்று எனக்குத் தெரியும்.

இதுதான் போனில் கேட்க வராதது: நீ அப்புறம் எப்போதாவது, எங்கேயாவது, அதைப் படித்து முடித்தாயா? ஹாஸ்டலிலோ, லைப்ரரியிலோ, கிண்டிலிலோ? எத்தனையோ புத்தகங்களை எனக்குச் சொல்லியிருக்கிறாய், இதைப் பற்றி ஒரு நாளும் பேச்சே எடுத்ததில்லை. முடித்திருந்தால் நல்லது, நிழல் யார் என்று மட்டும் சொல்லிவிடாதே. முடிக்கவில்லை என்றால், மொத்தம் பத்து அத்தியாயம், நான் எட்டாவதில் நிற்கிறேன், உன் கிளிப்பைத் தாண்டி வந்துவிட்டேன், அதற்கு மேல் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை பார்த்தாயா. ஒன்பதாவதை எடுக்காமல் வைத்திருக்கிறேன். புத்தகத்தை நாளைக்கே உனக்கு அனுப்பிவிடலாம் என்று அம்மா சொல்கிறாள். அனுப்பலாம்தான், ஆனால் அனுப்பிவிட்டால் நான் எதை வைத்துப் படிப்பது? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ சும்மா இருப்பாய் என்றால் போனிலேயே ஆறாவதிலிருந்து நான் வாசிக்கிறேன். என் ஆங்கில உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

கிளிப் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, நான் எனக்கு வேறு ஒரு காகிதம் வைத்துக்கொண்டேன்.

அப்பா