அக்கறை இல்லாத பெற்றோர் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் சேர்க்கை குறைவது பற்றி ஞாயிறன்று வந்த கட்டுரையில், 'பெற்றோரின் அக்கறையின்மையே முக்கியக் காரணம்' என்று ஒரு வரி படித்தேன். எழுதியவர் பாலக்கோடு பக்கம் வந்ததுண்டா தெரியவில்லை. அந்த அக்கறையில்லாதவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது, உங்களுக்குத் தெரியாததா? அதிலும் ஒருவர் பயிற்சி, வாக்காளர் பட்டியல் வேலை என்று போய்விட்டால் மிச்சமிருக்கிற டீச்சர் ஐந்து வகுப்பையும் எப்படிக் கட்டி மேய்ப்பார்? எமிஸ் என்று மாணவர் விவரங்களை இணையதளத்தில் ஏற்றுகிற வேலை வேறு. தனியார் பள்ளியின் மஞ்சள் வேனோ காலையிலேயே வாசலில் வந்து நிற்கிறது. அதில் ஏற்றிவிடுகிறவர்களும் அக்கறையில்தான் ஏற்றுகிறார்கள்.

மூத்தவளை நானும் ஏற்றிவிட்டேன். அடுத்த வருஷமே தக்காளி விலை விழுந்தது. பறிகூலிக்கே கட்டுப்படியாகாமல் ரோட்டோரம் கொட்டினோம். ஃபீஸ் பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். கம்மலை அடகு வைத்து டி.சி.யை மீட்டேன். எந்தப் பள்ளி என்று எழுதினால் நீங்கள் போடவா போகிறீர்கள்? பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் முழுப் பக்கத்துக்கு யார் படம் வருகிறது என்று நாங்களும் பார்க்கிறோம்.

தனியார் பள்ளியில் ஏழைகளுக்கு 25 சதவீத இடம் கொடுத்து, கட்டணத்தை அரசே கட்டுகிறது. நல்லது. அதே பணத்தில் எங்களுக்கு மூன்றாவது ஆசிரியர் வரக்கூடாதா என்று கேட்டால் கூட்டத்தில் சிரிக்கிறார்கள். பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை டெல்லி நிறுத்தியபோது இரண்டு தரப்புப் பேச்சையும் போட்டீர்கள். அதனால் கிராமத்துப் பள்ளியில் என்ன நின்றுபோனது என்று கேட்க ஒரு நிருபர் இந்தப் பக்கம் வந்தாரா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் உட்கார்கிறோம். தண்ணீர் மோட்டார் பழுது, பொம்பளைப் பிள்ளைகள் கழிப்பறைக்கு வீட்டுக்கு ஓடி வருகிறார்கள் என்று தீர்மானம் போட்டோம். மனு கொடுத்தால் ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டுகிறது.

அந்த மோட்டாரைப் பற்றி உங்கள் புகார்ப் பகுதியில் நாலு வரி போடுங்கள். அதற்கும் விளம்பரக் கட்டணம் உண்டென்றால் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்.)