விவாகரத்தில் முதுசக் காசு: ஒன்ராறியோவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சிவம்,

கடிதம் கிடைத்தது. மூத்தவள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டதில் இங்கே எல்லோருக்கும் சந்தோசம். இனி தங்கச்சி புருசனைப் பிரிந்த விசயம்.

"அம்மாவின் காசு முதுசம்தானே, அதில் அவர் எப்படிக் கை வைப்பார்?" என்று கேட்டிருந்தாய். ஒன்ராறியோவின் குடும்பச் சட்டமும் ஏறக்குறைய உன் பக்கம்தான். கலியாணத்துக்குப் பிறகு மூன்றாம் ஆளிடமிருந்து (பெற்றோரும் இதில் மூன்றாம் ஆள்தான்) முதுசமாகவோ நன்கொடையாகவோ வந்தது கணக்கில் விலக்கப்படும். ஆனால் பிரிந்த நாளன்றும் அது இன்ன இடத்தில் இருந்தது என்று காட்டுவது அவள் பொறுப்பு. குடியிருந்த வீட்டுக்குள் போன காசுக்கு அந்த விலக்கும் இல்லை.

இங்கே சொத்தைத் துண்டு போட்டுப் பிரிப்பதில்லை. பிரிந்த நாளில் ஆளாளுக்கு உள்ளதைக் கூட்டி, கடனையும் கலியாண நாளில் கையில் இருந்ததன் பெறுமதியையும் கழிப்பார்கள். கூடுதலாக வைத்திருப்பவர் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கட்டவேண்டும்.

நீ எழுதிய தொகைகளைப் போட்டுப் பார்த்தேன். முதுசம் 200,000 டொலர். அதில் 80,000 வீட்டுக் கடனுக்குப் போய்விட்டது, 120,000 அவள் பெயரில் நிலையான வைப்பில் கிடக்கிறது. வீட்டில் கடன் போக ஆளுக்கு 300,000. ஓய்வூதியச் சேமிப்பு அவளுக்கு 40,000, அவருக்கு 180,000. வைப்பை விலக்கினால் அவள் பக்கம் 340,000, அவர் பக்கம் 480,000; அவர் 70,000 கட்டவேண்டும். விலக்கை நிரூபிக்க முடியாவிட்டால் அவள் பக்கம் 460,000 ஆகும், அவர் கட்டுவது வெறும் 10,000. ஒரு கட்டு வங்கி அறிக்கையில் 60,000 டொலர் தொங்குகிறது.

கடனுக்குக் கட்டிய 80,000இல் பாதி அவர் பங்குக்குப் போய்ச் சேர்ந்ததுதான். அதைக் கேட்டு வழக்காடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மனச்சாட்சியை உலுக்கும் அளவு அநியாயம் என்றால்தான் நீதிபதி கணக்கை மாற்றுவார். அந்த வாசல் மிக ஒடுங்கியது.

வைப்பு எப்போதாவது கூட்டுக் கணக்கு வழியாகப் போனதா என்று அவளிடம் கேள். இருவர் பெயரிலும் கிடந்த காசில் பாதி அவருக்குக் கொடுத்ததாகவே முதலில் கொள்ளப்படும். மீதிப் பாதிக்குத்தான் விலக்குக் கேட்கலாம். வட்டியும் கவனி. உயிலில் "இதன் வருமானமும் சேராது" என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் தவிர, முதுசத்தின் வருமானத்தில் மிச்சம் பிடித்தது கணக்கில் சேரும். அம்மாவின் உயிலில் அந்த வரி இருக்கிறதா பார்.

அடுத்தது ஊர்க் காணி. வெளிநாட்டில் இருப்பதால் சொல்லத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு அது வெளியே வந்தால் அவர்கள் சொல்வதை நீதிமன்றம் நம்பத் தயங்கும். நீதிமன்றத்துக்குச் சொத்து விபரம் கொடுக்கும் 13.1 படிவத்தில் முதலில் சொத்தாகக் காட்டி, பிறகு விலக்காகக் காட்டவேண்டும். காணி உறுதியின் (பத்திரத்தின்) தேதி முக்கியம். கலியாணத்துக்கு முன் எழுதிய சீதனக் காணி என்றால் அன்றைய பெறுமதி மட்டும்தான் கழியும்: அன்று 10,000, பிரிந்த நாளில் 90,000 என்றால் 80,000 கணக்கில் ஏறும். கலியாணத்துக்குப் பிறகு அவள் பெயருக்கு மட்டும் நன்கொடையாக எழுதியதென்றால் முழுதும் விலகும். நம் ஆட்களில் எழுத்து (கலியாணப் பதிவு) முந்தியும் தாலி பிந்தியும் நடப்பதுண்டே. அப்படியானால் எழுத்து நடந்த நாள்தான் கலியாண நாள். இந்த ஒரு தேதியைப் பல லோயர்மார் கேட்பதே இல்லை.

ஆகவே உயில், காசு கைக்கு வந்த நாளின் வங்கிப் பதிவு, அன்றிலிருந்து பிரிந்த நாள் வரை இடைவெளியில்லாத அறிக்கைகள், உறுதி, கலியாணப் பதிவு, காணிக்குக் கலியாண நாள், பிரிந்த நாள் இரண்டிலும் ஒரு மதிப்பீட்டாளரின் பெறுமதி, இவ்வளவும் வேண்டும். பழைய அறிக்கைகளை வங்கிகள் பொதுவாக ஏழு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, அதை முதலில் எடுக்கச் சொல்.

பிரிந்து ஆறு வருடம், விவாகரத்துக் கிடைத்து இரண்டு வருடம், இதில் எது முந்துகிறதோ அதற்குள் வழக்குப் போடவேண்டும். விவாகரத்தை மட்டும் முதலில் முடிப்போம் என்று அவர் அவசரப்படுத்தினால், எதற்கு அவசரம் என்று அவளை யோசிக்கச் சொல்.

உறுதியின் படத்தை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
குணம்