ஒப்பந்தத்தில் மருத்துவமனையின் இடம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவத் தொழில்நுட்பத்தில் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் தொழில் நிறுவனங்களும் இணைந்து செயல்படுவது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். கட்டுரையின் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால், கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்களையும் பதிவான காப்புரிமைகளையும் எண்ணி வெற்றியை அளந்த கட்டுரையாளர், மருத்துவமனையைச் ‘சோதனைக் களம்’ என்ற ஒரே சொல்லோடு கடந்துவிட்டார். பல்கலைக்கழகம் கண்டுபிடிக்கும், நிறுவனம் தயாரிக்கும், மருத்துவமனை கடைசியில் சோதித்துச் சான்று தரும் என்ற இந்த வரிசையில்தான் கோளாறு இருக்கிறது என்பது என் கருத்து.

இன்று எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி எப்படிப் பிறந்தது என்பதைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955ஆம் ஆண்டு, அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் தயாரிக்கும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலைக்குச் சென்றார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. நீர்க்கட்டிக்கும் திடமான சதைக்கட்டிக்கும் அது வேறுவேறு எதிரொலி காட்டுவதை அவர் கண்டுகொண்டார். அவருடைய முயற்சியைக் கேள்விப்பட்ட கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் பொறியாளர் டாம் பிரவுன், தாமாகவே அவரைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த அழைப்பிலிருந்து வளர்ந்த கூட்டுப் பணியின் முடிவுகள் 1958இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின. அந்தக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் பிரவுனும் ஒருவர். மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் தொழிற்சாலைப் பொறியாளரின் பெயர் மருத்துவர்களின் பெயரோடு நிற்பதை, இன்றைய நிலையை அறிந்தவன் என்பதால், நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை. இங்கே கேள்வி மருத்துவமனையிலிருந்து புறப்பட்டது. கருவி பின்னால் வந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். நோயாளியின் உடல்நிலையைக் கண்காணிக்கும் ஒரு கருவியை, ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் சில ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கி, ஒரு நிறுவனத்தின் உதவியோடு எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தது. அதன் அளவீட்டில் குறையே இல்லை. ஆய்வகத்தினரின் உழைப்பையும் குறைசொல்ல மாட்டேன். அன்று பணியிலிருந்த மூத்த செவிலியர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். திரைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இந்த இடுக்கைக் கிருமிநாசினி கொண்டு எப்படித் துடைப்பது? ஈரக் கையுறையோடு இந்தச் சிறிய திருகை எப்படித் திருப்புவது? பக்கத்துக் கருவியின் அலாரமும் இதன் அலாரமும் ஒன்றுபோல ஒலித்தால், நள்ளிரவில் எந்தக் கருவியை நோக்கி ஓடுவது? வந்திருந்தவர்களிடம் பதில் இல்லை. வடிவமைப்பு முடிந்து அச்சு வார்ப்பும் தயாராகிவிட்டதால் மாற்றுவதற்குப் பணமும் இல்லை. அந்தக் கருவி சில வாரங்களில் அலமாரிக்குப் போனது. முதல் மாதத்திலேயே அந்த அம்மையாரை அழைத்துக் கேட்டிருந்தால் ஒரு பிற்பகலில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1957 அக்டோபர் 31ஆம் நாள் மின்சாரம் தடைப்பட்டபோது, மின் இணைப்பை நம்பியிருந்த, இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவி நின்று ஒரு குழந்தை இறந்தது. அறுவை சிகிச்சை நிபுணர் வால்ட்டன் லில்லஹெய், அதே மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த ஏர்ல் பேக்கனிடம் மாற்று வழி கேட்டார். சுமார் நான்கு வாரங்களில் மின்கலத்தால் இயங்கும், உடலோடு அணிந்துகொள்ளத்தக்க பேஸ்மேக்கர் தயாராகிவிட்டது. விலங்கின் மீது சோதித்துப் பார்த்த மறுநாளே அது ஒரு குழந்தைக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அந்த வேகத்தை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள்; அனுமதிக்கவும் கூடாது. நான் வியப்பது வேகத்தைக் கண்டு இல்லை. பேக்கன் ஏற்கெனவே அந்த வார்டுகளில் நடமாடிக்கொண்டிருந்தார், மருத்துவரின் கவலை எந்தக் குழுவின் வழியாகவும் சுற்றிவராமல் நேரே அவர் காதில் விழுந்தது என்பதே அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. (அவருடைய மெட்ரானிக் அன்று ஒரு கார் கொட்டகையில் நடந்துவந்த சிறு நிறுவனம்.)

நெருக்கத்தோடு பொறுமையும் வேண்டும் என்பதற்குத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு நல்ல சான்று. மருத்துவமனையும் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்த அங்கே, இதய அறுவை சிகிச்சை நிபுணர் எம்.எஸ்.வலியத்தானின் தலைமையில் பொறியாளர்கள் வடிவமைத்த முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது, டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து விற்க, இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றுள்ளனர். மூன்றாண்டுத் திட்டங்களாக நிதியைப் பிரித்துத் தரும் இன்றைய முறையில், இரண்டாவது தோல்விக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்க யார் துணிவார்கள் என்று தெரியவில்லை.

கூட்டுறவுக்கு மருத்துவர்கள் முன்வருவதில்லை என்று கட்டுரையாளர் குறைபட்டிருக்கிறார். பொறியாளரோடு அமரும் இரண்டு மணி நேரத்தை மருத்துவரின் பணிப்பட்டியல் எங்கும் கணக்கில் எடுப்பதில்லை. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை உதவும், கருவியின் கைப்பிடியைத் திருத்திக் கொடுத்தது உதவாது. செவிலியர்களின் நிலையோ இன்னும் மோசம். அவர்களுடைய யோசனை காப்புரிமை விண்ணப்பத்துக்குள் போகிறது, பெயர் போவதில்லை. ஆகவே, ஒப்பந்தத்தின் நிதியில் ஒரு பகுதி மருத்துவமனை ஊழியர்களின் நேரத்துக்கென்று முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். கருவியை வாங்கிய பின் உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

இவ்வளவு நெருக்கத்தை வேண்டுகிற நான், அதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடன் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரும் அமெரிக்கப் பொறியாளர் ஒருவரும் சேர்ந்து உருவாக்கிய பியோர்க்-ஷைலி இதய வால்வு, புகழ்பெற்ற கூட்டுறவின் விளைவு. ஆனால், அதில், திறந்து மூடும் வட்டு ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் இருந்த வகையில், வட்டைத் தாங்கும் உலோகக் கம்பி நோயாளிகளின் இதயத்துக்குள்ளேயே முறியத் தொடங்கியது. 1986இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டபோது, சுமார் 86,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பொருத்திக்கொண்ட நோயாளிகள் அதைத் தங்கள் மார்பிலேயே சுமந்துகொண்டு, வைத்திருப்பதா, மீண்டும் மார்பைத் திறந்து எடுப்பதா என்று தவிக்க வேண்டியதாயிற்று. கருவியை உருவாக்குபவர்கள் ஒரே மேசையில் அமரலாம். அதை மதிப்பிடுபவர்கள் அந்த மேசையில் இருக்கக் கூடாது. உரிமத்தொகை பெறும் மருத்துவரோ பங்கு வைத்திருக்கும் பேராசிரியரோ அந்தக் கருவியின் நோயாளிச் சோதனையை நடத்தவும் கூடாது. தன் பங்கை நோயாளியிடம் மறைக்கவும் கூடாது. கோளாறுகளை வெளியிடும் உரிமையை நிறுவனத்தின் சம்மதத்துக்குக் கட்டுப்படுத்தும் விதி ஒப்பந்தத்தில் இருந்தால், மருத்துவமனை கையெழுத்திட மறுக்கலாம். நோயாளிகளின் ஸ்கேன் படங்களும் பதிவுகளும் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகும் இக்காலத்தில், அவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் இதே கண்டிப்பு தேவை.

கட்டுரையாளர் இதே பொருள் குறித்து மீண்டும் எழுதுவதாக அறிவித்திருப்பதால் ஒரு வேண்டுகோள். அவர் குறிப்பிட்ட ஒப்பந்தங்களில் எத்தனை, மருத்துவமனை ஊழியர் ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கியவை என்றும், அவற்றால் வந்த கருவிகளில் எத்தனை இன்றும் வார்டில் பயன்பாட்டில் உள்ளன என்றும் விசாரித்து எழுதினால், தங்கள் வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவக் கருவிப் பொறியாளர் ஒருவர்