300வது வருஷ மலர்ல எங்க ஆலயத்த சேலத்துக்கு அனுப்பிவச்ச பிரிண்டிங் கம்பெனிக்கு

வணக்கம் சார் / மேடம்,

போன மாசம் உங்க வெப்சைட்ல 500 காப்பி, 64 பக்கம், கலர் அட்டையோட ஒரு மலர் ஆர்டர் பண்ணுனவங்க நாங்க. தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்த பிரதிஷ்டை பண்ணி இந்த 2018 அக்டோபர் 11ஆம் தேதியோட 300 வருஷம், அதுக்காக சபைக்காரங்க சிலபேரு கைக்காசு போட்டு செஞ்ச சின்ன மலர். ஃபுல் பேமென்ட்டும் முன்னாடியே கட்டியாச்சு.

9ஆம் தேதி ராத்திரி பார்சல் வந்துச்சு, பிரிச்சா அட்டையிலேயே பெரிய எழுத்துல "புதிய எருசேலம் ஆலயம்"னு இருக்கு. எருசலேம் சார், எருசேலம் இல்ல. சேலம் எங்க இருக்கு தரங்கம்பாடி எங்க இருக்கு? உள்ள பொரட்டுனா இன்னும் மோசம், சபை எல்லாம் "சைப", ஆராதனை எல்லாம் "ஆராதைன", கொம்பு பூரா ஒரு எழுத்து முன்னாடி போய் ஒட்டிக்கிட்டு நிக்குது. எங்க பையன் ஒருத்தன் டிடிபி வேல பாக்குறவன், பாத்த உடனே சொல்லிட்டான், ஃபான்ட் மாத்துறப்ப கொம்ப கவனிக்காம விட்டிருக்காங்கன்னு. உங்க கஸ்டமர் கேர்ல என்னடான்னா "நீங்கதான் ப்ரூஃப் ஓகே பண்ணீங்க"ங்கறாங்க. நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புன ப்ரூஃப்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, அது இன்னும் என் ஃபோன்ல இருக்கு, இதோட இணைச்சிருக்கேன்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா அந்த ஆலயத்த கட்டுனது ஜெர்மனியில இருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயர். தமிழ்ல புதிய ஏற்பாட்ட முதல்முதலா அச்சடிச்ச மனுஷன், 1715லயே முடிச்சுட்டாரு. ஜெர்மனி ஹாலேயில வார்த்து கப்பல்ல வந்த தமிழ் எழுத்து ரொம்ப பெருசா இருக்கு, பேப்பர் பத்தாதுன்னு இங்கேயே சின்ன எழுத்து வார்த்து அடிச்சாங்க. ஈயத்துல ஒவ்வொரு எழுத்தா கோத்து அடிச்ச காலத்துல நடந்த வேல அது, உங்களுக்கு கம்ப்யூட்டர் இருந்தும் ஒரு கொம்ப எடத்துல வைக்க முடியல. ஆலயத்த தெறந்து அஞ்சு மாசம்கூட ஆகல, 1719 பிப்ரவரியில 36 வயசுலயே போயிட்டாரு, அந்த ஆலயத்துக்குள்ளதான் அடக்கம் பண்ணியிருக்கு. மலர்ல அவரப் பத்தின பக்கத்துலதான் தப்பு அதிகம், எண்ணிப் பாத்தேன், 41.

அப்புறம் அந்த போட்டோ. ஆலய முகப்புல டென்மார்க் ராஜா நாலாம் ஃபிரெடெரிக்கோட முத்திரை கிரீடத்தோட இருக்கும், அவரு அனுப்பித்தான் சீகன்பால்க் 1706ல இங்க வந்ததே. உங்க டிசைனர் அத ஏதோ வாட்டர்மார்க்குன்னு நெனச்சாரோ என்னமோ, சுத்தமா அழிச்சு வெள்ளையடிச்சு வச்சிருக்காரு. சுனாமி வந்தப்பகூட அந்த முத்திரை போகல சார்.

10ஆம் தேதி ராத்திரி பூரா வாலிபர் சங்கத்து பசங்களும் மாதர் சங்கத்து அக்காமாரும் உக்காந்து அட்டை மேல ஸ்டிக்கர் ஒட்டுனாங்க, அதுவும் 120க்குத்தான் முடிஞ்சுது, அதக்கூட மறுநாள் வெளியூர்ல இருந்து வந்தவங்க கையில குடுக்கறப்ப உள்ள தெறந்துராதீங்கன்னு மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டே குடுத்தோம். ஒரு ரிட்டையர்டு தமிழ் வாத்தியார் அங்கயே தெறந்து பேனாவ எடுத்து திருத்த ஆரம்பிச்சுட்டாரு.

நீங்க சொல்ற "அடுத்த ஆர்டர்ல 10 பர்சன்ட் கூப்பன்" எங்களுக்கு வேணாம், அடுத்த 300வது வருஷம்னு ஒண்ணு கெடையாது. ஒண்ணு, சரியான ஃபான்ட்ல, முத்திரையோட, 500ம் உங்க செலவுல திரும்ப அடிச்சு கிறிஸ்மஸுக்குள்ள அனுப்புங்க, பிளேட் போடுறதுக்கு முன்னாடி ஒரு காப்பிய பேப்பர்ல அடிச்சு காட்டுங்க, வாட்ஸ்அப்ல வேணாம். இல்லன்னா முழுப் பணத்தையும் 15 நாளுக்குள்ள திருப்பிக் குடுங்க. ரெண்டும் நடக்கலன்னா நுகர்வோர் கோர்ட்டுல ப்ரூஃபையும் புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுவோம். மிச்சம் 380 காப்பி கட்டு பிரிக்காம கெடக்கு, ஆள் அனுப்பி எடுத்துட்டுப் போங்க, லாரி வாடகை உங்களுது.

இப்படிக்கு,
மலர் ஆர்டர் பண்ணுனவங்க சார்பா,
தரங்கம்பாடி