நாயனக்காரருக்கு மணமேடை தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாணச் செலவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வந்தேன். மண்டபம், சாப்பாடு, பட்டு, நகை என்று எல்லாவற்றையும் எழுதியவர்கள் பாட்டுக்கும் மேளத்துக்கும் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்யாண வீடுகளிலேயே அப்படித்தான் நடக்கிறது. மண்டபத்தை எட்டு மாதத்துக்கு முன்பே பிடித்துவிடுகிறோம், சமையல்காரரிடம் பச்சடி வரைக்கும் பேசி முடிக்கிறோம், மேளத்தை மட்டும் யாரையாவது சொல்லிக்கொள்ளலாம் என்று கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். ஐந்து ஆண்டு இடைவெளியில் மகனுக்கும் மகளுக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். முதல் கல்யாணத்தில் பட்டதும் இரண்டாவதில் திருத்திக்கொண்டதும் மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

மகன் கல்யாணத்தில் முதல்நாள் மாலை வரவேற்புக்கு டிஜே வைத்திருந்தோம். மேடையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். கதவெல்லாம் சாத்திய ஏசி மண்டபம் என்பதால் ஒவ்வோர் அடியும் நெஞ்சில் விழுந்தது. திருநெல்வேலியிலிருந்து இரவு ரயிலில் வந்திருந்த என் அக்கா, எண்பது வயதைத் தாண்டியவர், மேடையேறி மருமகளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பெண்ணும் சிரித்துத் தலையாட்டினாள். மறுநாள் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் வந்து, "பெரிய அத்தை என்ன சொன்னாங்க மாமா? எனக்கு ஒண்ணுமே கேக்கலை" என்று கேட்டாள். அக்காவையே விசாரித்தேன். "கத்தினதுதான்டா ஞாபகம் இருக்கு" என்றார். அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் கையால் ஜாடை காட்டி, உறையைக் கொடுத்து, படத்துக்கு நின்றுவிட்டு இறங்கியிருப்பார்கள்.

காலை முகூர்த்தத்தில் வேறொரு கூத்து. நாதஸ்வரக்காரர்களுக்கு நாங்கள் ஒதுக்கிய இடம் சாப்பாட்டுக் கூடத்து வாசலை ஒட்டிய தூண் மறைவு. மணமேடையைச் சுற்றி கேமராக்காரர்கள் சுவர்போல நின்றதால் மேடையில் நடப்பது எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. தாலி இன்னும் தட்டில் வைத்துச் சபையில் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஆர்வக்கோளாறில் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுக்க, தவில்கள் முழங்கிவிட்டன. பதறிப்போய் நிறுத்தினார்கள். அதனால் உண்மையிலேயே தாலி ஏறியபோது தயங்கிவிட்டார்கள். முதல் முடிச்சு மேளமில்லாமல் விழுந்தது. பழியெல்லாம் வாசித்தவர்கள் தலையில். அவர்களைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தவன் நான் என்பதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

கெட்டிமேளம் எதற்கு என்று கேட்டால் நம் பெரியவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மாங்கல்யம் ஏறும் நொடியில் தும்மலோ அழுகையோ ஆகாத பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது. அதில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த ஏற்பாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. பேச்சை அமுக்கும் சத்தம் அந்தச் சில நொடிகளுக்குத்தான்; மற்ற நேரமெல்லாம் பேசிக்கொள்ளத்தான் உறவுகள் கூடுகின்றன. இந்தக் கணக்கை நாம் தலைகீழாக்கிவிட்டோம். மூன்று மணி நேர வரவேற்பு முழுவதையும் கெட்டிமேளமாக்கிவிட்டு, தாலி கட்டும்போது கேமராக்காரர் "சார், கொஞ்சம் நிறுத்துங்க, மறுபடி ஒருமுறை" என்று சொல்ல இடம் கொடுக்கிறோம்.

நாதஸ்வரமும் சத்தமான வாத்தியந்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டோடு நடந்து வாசிப்பதற்கென்று உருவான வாத்தியம் அது. கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள். 2022-இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முன்பு சுருதி கூடிய, குட்டையான திமிரி நாயனமே பெருவழக்கு. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில்தான் சுருதி தாழ்ந்த, நீளமான பாரி நாயனம் நிலைபெற்று, உட்கார்ந்து கேட்பதற்கேற்ற கனமும் குழைவும் அந்த நாதத்துக்கு வந்து சேர்ந்தன. இப்படிப்பட்ட வாத்தியத்தின் அணைசுக்கு, அதாவது அதன் விரிந்த வாய்க்கு, முன்னால் மைக்கை நீட்டி, தவிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மைக் வைத்து, மூடிய கூடத்துக்குள் அலறவிடுவது யார் கண்டுபிடித்த வழக்கமோ தெரியவில்லை. மைக்கை எடுத்துவிட்டால் அதே கூடத்தில் நாயனம் இனிமையாகக் கேட்கும், பக்கத்து நாற்காலிக்காரரோடும் பேசலாம்.

மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்த வாரத்திலேயே நாதஸ்வர வித்வானின் வீட்டுக்குப் போனேன். பேசிக்கொண்டே நாயனத்தில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டில் வைத்து நனைத்து, சீர்பார்த்து, சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தார். தொகையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "ஊஞ்சலுக்கு உங்க வீட்டுப் பெண்கள் பாடுவாங்களா, நாங்க வாசிக்கணுமா? பாடினா நாங்க சுருதியோட நிறுத்திக்கறோம்" என்றுதான் முதலில் கேட்டார். மாப்பிள்ளை அழைப்பில் எத்தனை தூரம் நடை, மண்டபத்தில் மணமேடை எந்தப் பக்கம், சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் எந்த இடத்தில் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு மனத்தில் குறித்துக்கொண்டார். அழைப்புக்குத் தோடியோ கல்யாணியோ விரிவாக, விடியற்காலையில் பூபாளமும் பௌளியும், ஊஞ்சலுக்குக் குறிஞ்சி, ஆனந்தபைரவி, எல்லாம் முடிந்து மத்தியமாவதி என்று நேரத்துக்கும் சடங்குக்கும் பொருந்த ஒரு ராக வரிசை அவரிடம் இருந்தது. சோக ராகமான முகாரி வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது அவர் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது. தவில்காரர் விரல் கூடுகளைச் சரிபார்த்தபடி ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்: விடியற்காலை 4 மணிக்கே வாசிக்க வருகிறவர்களை மத்தியானம் கடைசிப் பந்தி வரை காக்க வைக்க வேண்டாம் என்றார். அதைக் கேட்டுப் பெற வேண்டிய நிலையில் அவர்களை வைத்திருக்கிறோம். மகன் கல்யாணத்தில் டிஜேவுக்குக் கொடுத்ததில் பாதிகூட நாயனத்துக்கு நான் கொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வரவேற்புக்கு வயலின், புல்லாங்குழல், கீபோர்டு, தபலா என்று நால்வர் கொண்ட சிறிய குழுவை அமர்த்தினோம். பெரும்பாலும் பழைய சினிமாப் பாடல்கள்தாம். அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. பாடகர்களை வைக்கும் வீட்டார் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்கவேண்டும்: பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுவது நல்லது. மெட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காகக் காதல் தோல்விப் பாட்டை மணமக்கள் முன்னால் உருகி உருகிப் பாடியதை நானே மூன்று கல்யாணங்களில் கேட்டிருக்கிறேன். ஒன்றில் மணமகனின் நண்பர்கள் கைதட்டிச் சிரித்ததில் பெண் வீட்டார் முகம் சுருங்கிவிட்டது. இளைஞர்கள் ஆடவேண்டும் என்று கேட்டதற்கும் தடை சொல்லவில்லை. பெரியவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, கீழ்த்தளச் சிறு கூடத்தில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பலர் அரைகுறையாகவே அறிந்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள் விலக்கு உண்டென்றாலும் அது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்பதற்கான விலக்கு. தெருவுக்கே கேட்க வைப்பதற்கு அன்று. குடியிருப்புப் பகுதிக்குரிய வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இன்னொன்று, சினிமாப் பாட்டு போடுவதற்கு உரிமத் தொகை கட்டிய ரசீது வேண்டுமென்று எங்களிடம் ஒரு மண்டபத்தில் கேட்டார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு இசைப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை; மத்திய அரசும் 2023 ஜூலையில் இதைப் பொது அறிவிப்பாகவே தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலைக் காட்டியதும் பேச்சு அத்தோடு நின்றது.

மகளின் முகூர்த்தத்தன்று மணமேடைக்கு எதிரே, சற்றுப் பக்கவாட்டில் ஒரு சிறு மேடை போட்டு நாதஸ்வரக் குழுவை அமர்த்தினோம். அந்த மேடைக்கும் மணமேடைக்கும் இடையே யாரும் நிற்கக்கூடாது என்று கேமராக்காரர்களிடம் முதல்நாளே சொல்லி வைத்திருந்தேன். புரோகிதர் ஆட்காட்டி விரலை உயர்த்தியதை வித்வானே பார்த்தார். யாரும் குரல் கொடுக்கவில்லை. மண்டபம் கட்டுகிறவர்கள் ஜெனரேட்டருக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடம் ஒதுக்கும்போதே, மணமேடை தெரியும்படி நான்கு பேர் உட்காரக்கூடிய இத்தகைய திண்ணை ஒன்றையும் வரைபடத்திலேயே சேர்த்துக்கொண்டால் பெரிய செலவு ஏதும் ஆகிவிடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியர் ஒருவர்,
மயிலாடுதுறை.